இணுவிலுக்கென்று புறப்பட்ட கனடா டொக்டர்
மேரி ரட்ணம் அம்மையாரின் வாழ்வும் பணியும்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழி தொலைபேசியில் கேட்டபோது, "கல்லூரி நினைவுகளை எழுதித் தருகிறேன்" என்றுதான் முதலில் சொன்னேன். அவள் சிரித்தாள். "நினைவுகள் ஏற்கெனவே நிறைய வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் வேப்பமரமும் பாணும் சம்பலும்தான். நீ டொக்டர்தானே, சரித்திரமாக ஏதாவது எழுது" என்றாள்.

ஆகையால் ஒரு டொக்டரின் சரித்திரத்தையே எழுதுகிறேன். இவர் எமது கல்லூரியில் படித்தவருமல்லர், படிப்பித்தவருமல்லர். எமது பரிசளிப்பு விழா அறிக்கைகளிலோ சபா மண்டபத்தில் மாட்டியிருக்கும் படங்களிலோ இவரைக் காணமுடியாது. ஆனால் எமது சங்கம் தொடங்கப்பட்ட காலத்தில் எமது மூத்த சகோதரிகளுக்கு இல்லாதிருந்து, பின்னர் கிடைத்த சில முக்கியமான காரியங்களில் இவருடைய கையும் இருந்தது. அதனால் இந்த மலரில் அவருக்குச் சில பக்கங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் டொக்டர் மேரி ரட்ணம். பிறந்தபோது மேரி ஹெலன் இர்வின். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1873ஆம் ஆண்டு பிறந்தவர்.

ரொறன்ரோவில் பெண்கள் படித்த மருத்துவம்

நான் பிறந்தது இணுவில் மக்லியோட் ஆசுப்பத்திரியில். யாழ்ப்பாணத்தில் என் வயதையொத்த பலர் அங்கேதான் பிறந்தார்கள். "மக்லியோட்" என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்பதற்கு மேல் எனக்கு அந்நாளில் ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, சில வருடங்கள் ஊரிலே வேலை செய்து, கலியாணம் செய்து, கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்து, திரும்பவும் முதலாம் வகுப்புப் பிள்ளைபோலப் பரீட்சைகள் எழுதி, கடைசியில் ரொறன்ரோவில் பயிற்சி வைத்தியராகச் சேர்ந்தேன். அதில் சில மாதங்கள் மகளிர் கல்லூரி வைத்தியசாலையில் கழிந்தன. அந்த வைத்தியசாலையின் தொடக்கம் 1883இல் நிறுவப்பட்ட பெண்கள் மருத்துவக் கல்லூரி என்று அங்குதான் அறிந்தேன்.

அந்தக் கல்லூரி ஏன் வேண்டியிருந்தது என்றால், அந்நாளில் ஆண்கள் படிக்கும் மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்க விரும்பவில்லை. எமிலி ஸ்ரோ என்ற பெண்மணிக்கு ரொறன்ரோவில் இடம் கிடைக்காமல், அவர் அமெரிக்கா சென்று படித்துவந்து வைத்தியம் செய்தார். அவருடைய மகள் ஒகஸ்ரா 1883இல் கனடாவிலேயே மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்ணானார். அதே ஆண்டில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி வந்தது. அந்தக் கல்லூரியிற் படித்து வெளியேறியவர்களில் ஒருவர்தான் மேரி இர்வின்.

நான் பிறந்த இணுவிலுக்கும் நான் பயிற்சி பெற்ற ரொறன்ரோவுக்கும் இடையே நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பெண் பயணம் செய்யப் புறப்பட்டிருக்கிறார் என்பதை வாசித்து அறிந்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. நான் வந்த வழியை அவர் எதிர்த்திசையில் நடந்திருந்தார்.

இணுவிலுக்கு நியமனம், கொழும்பில் வாழ்வு

யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய மருத்துவத்தின் கதை எமக்குத் தெரிந்ததே. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்ததோடு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆனால் அக்காலத்து யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆண் வைத்தியர் முன்னால் வரமாட்டார்கள். பிள்ளைப்பேறு வீட்டுக்குள்ளேயே, மருத்துவச்சியின் கையிலேயே நடந்தது. அது நன்றாக நடந்தால் சந்தோசம். சிக்கலானால் போக ஓர் இடம் இல்லை. இந்த நிலைமையைக் கண்டு மேரி லீச், மார்கரெட் லீச் என்ற மிசனரிச் சகோதரிகள் பெண்களுக்கென்று ஓர் ஆசுப்பத்திரி அமைக்க வெளிநாடுகளில் நிதி திரட்டினார்கள். அதன் பயனே இணுவில் மக்லியோட். அங்கு பணியாற்றப் பெண் வைத்தியர்கள் தேவைப்பட்டார்கள். டொக்டர் இசபெல்லா கர் அம்மையாரும் டொக்டர் மேரி இர்வினும் தெரிவானார்கள்.

கர் அம்மையார் இணுவிலில் பல்லாண்டுகள் பணியாற்றினார். எங்கள் பாட்டிமாருக்கு அவர் பெயர் தெரியும். மேரியின் கதை வேறுவிதமாகப் போயிற்று.

இலங்கைக்கு வருமுன்னரே நியூயோர்க்கில் அவர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணம் என்ற யாழ்ப்பாணத் தமிழரைச் சந்தித்திருந்தார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்ற கிறிஸ்தவர். இருவரும் 1896இல் மணந்துகொண்டார்கள். மேரிக்கு அப்போது 23 வயது.

ஒரே வேதம், ஒரே வேதாகமம், ஒரே தேவாலயம். ஆனாலும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தமிழ் ஆணை மணந்ததை அவரை அனுப்பிய மிசன் வட்டாரத்தால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று போதித்தவர்களுக்கும் மருமகன் என்று வரும்போது மனம் இடம் கொடுக்கவில்லை. எங்கள் ஊரிலும் இந்த நோய் இருக்கிறது, ஆகவே அவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேரி மிசன் பணியை விட்டு விலக நேர்ந்தது. கணவனும் மனைவியும் கொழும்பிலே குடியேறினார்கள்.

இந்த இடத்தில் அவர் திரும்பிப் போயிருக்கலாம். அனுப்பியவர்கள் கைவிட்டார்கள், வந்த நாடு புதிது, பாசை புதிது, வெயில் புதிது. அவர் இருந்தார். கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் சில காலம் வேலை செய்தபின் தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். சேலை உடுத்தும் பெண்கள் நடுவே சமைந்த மருமகளாகவும், தாயாகவும், வைத்தியராகவும் அறுபது வருடங்களுக்கு மேல் இந்த நாட்டிலேயே வாழ்ந்தார்.

தாய்மார் ஏன் இறந்தார்கள்?

வைத்தியர் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1930ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேறுகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிள்ளைப்பேறுகளில் ஒரு தாய். எமது கல்லூரி வகுப்பொன்றை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு நாலைந்து பிள்ளைகள் பெற்ற காலம் அது. ஒரு வகுப்பிலிருந்து மூன்று நான்கு பேர் பிள்ளைப்பேற்றிலேயே போய்விடுவார்கள் என்ற கணக்கு. இன்று அந்த எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்கு நாற்பதுக்கும் குறைவு.

அந்தத் தாய்மார் பெரும்பாலும் நான்கு காரணங்களால் இறந்தார்கள். பேற்றுக்குப் பின் இரத்தப்பெருக்கு, அசுத்தமான கையாலும் கருவியாலும் வரும் சூதகக் காய்ச்சல், இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, இவற்றுக்கெல்லாம் அடியில் இரத்தசோகை. கொழுக்கிப்புழு வெறுங்காலால் உடம்புக்குள் நுழைந்து குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். மலேரியாவும் சேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. இப்படி இரத்தம் வற்றிப்போன பெண்ணுக்குப் பேற்றின்போது ஓரளவு இரத்தம் போனாலே உயிர் போய்விடும். ஆகவே பிள்ளைப்பேற்று அறையிலே நடக்கும் மரணம் உண்மையில் பல மாதங்களுக்கு முன்னரே மலசலகூடம் இல்லாத வளவிலும், கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடும் அடுக்களையிலும் தொடங்கிவிடுகிறது.

டொக்டர் மேரி ரட்ணம் இதைத் தன் நோயாளர்களிடமிருந்தே படித்தார். மருந்துப் போத்தலால் மட்டும் இது தீராது என்று கண்டுகொண்ட இடத்திலிருந்துதான் அவருடைய சமூகப்பணி தொடங்குகிறது. 1904இலேயே இலங்கைப் பெண்கள் ஒன்றியம் என்ற அமைப்பை உருவாக்குவதில் முன்னின்றார். 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம் தோன்றியபோதும் அதன் தொடக்கப் பணியாளர்களோடு நின்றார். பின்னாளில் கலாலயம் என்ற இசைப் பள்ளியை நடத்திய அதே சங்கம்தான். மதுவிலக்கு இயக்கத்திலும் சிறைக்கைதிகளின் நலனிலும் உழைத்தார். பாடசாலைகளுக்கென்று சுகாதாரக் கைநூலும், ஆசிரியைகளுக்கென்று மனையியற் கைநூலும் எழுதினார்.

எங்களுடைய காலத்தில் திங்கட்கிழமை காலைகளில் நகம், தலைமயிர், கைலேஞ்சி பார்ப்பார்களே, நினைவிருக்கிறதா? வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு எரிச்சலாக இருக்கும்! பாடசாலைக்குள் சுகாதாரம் ஒரு பாடமாக நுழைய வேண்டுமென்று போராடிய தலைமுறையின் மிச்சம் அது என்று இப்போது தெரிகிறது. நகத்துக்குள் இருக்கும் ஊத்தையோடு புழுவின் முட்டையும் இருக்கும் என்று எங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வாக்குரிமை

எமது சங்கம் தொடங்கியபோது அதன் தலைவிக்கோ செயலாளருக்கோ பொருளாளருக்கோ இந்த நாட்டில் வாக்கு இல்லை. அந்நாட்களில் வாக்குரிமை படிப்பும் சொத்தும் உள்ள ஒரு சிறு தொகை ஆண்களுக்கே இருந்தது. 1927இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு அரசியற் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க வந்தது. அந்த டிசம்பரில் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது. அதை ஆரம்பித்தவர்களில் டொக்டர் மேரி ரட்ணமும் ஒருவர். அவரோடு அக்னஸ் டி சில்வா போன்ற பறங்கியப் பெண்களும், டொக்டர் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர் போன்ற தமிழ்ப் பெண்களும் சேர்ந்து நின்றார்கள்.

ஆணைக்குழு முன் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்ற கேள்வி எழுந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லோருக்கும்தான் கேட்கிறோம் என்ற பொருள்பட அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். அன்றைய படித்த ஆண் தலைவர்கள் பலரிடமிருந்து வந்திராத பதில் அது.

ஆணைக்குழு முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கைச் சிபாரிசு செய்தது. பின்னர் அது ஆண்களைப் போலவே 21 வயது என்றாயிற்று. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு முதலாவது பொதுத்தேர்தல் நடந்தது. பிரித்தானியாவில் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்ததே 1928இல்தான். மேரி பிறந்த கனடாவில் கியூபெக் மாகாணத்துப் பெண்கள் தங்கள் மாகாண வாக்குரிமைக்கு 1940 வரை காத்திருந்தார்கள். 1932இல் வட கொழும்பிலிருந்து நேசம் சரவணமுத்து அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அச்சபையில் அமர்ந்த முதலாவது தமிழ்ப் பெண்ணானார்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? பூரண சுயராச்சியம் தராத யாப்பு என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கக் கேட்டது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அந்த ஆசனங்கள் 1934இல்தான் நிரப்பப்பட்டன. ஆகவே இலங்கைப் பெண்கள் முதன்முதலில் வாக்களித்த நாளில் எங்கள் பாட்டிமார் வீட்டிலே இருந்தார்கள். பகிஷ்கரிப்பின் சரி பிழையை அரசியல் அறிந்தவர்கள் பேசட்டும். கிடைத்த முதல் வாக்கை விடுவதா என்று அந்தப் பெண்களிடம் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதை மட்டும் ஒரு பெண்கள் கல்லூரியின் மலரில் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

தோட்டத்துப் பெண்களின் கதை இதைவிடத் துயரமானது. 1931இலேயே வதிவிட நிபந்தனைகளால் அவர்களில் பலருக்கு வாக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரசாவுரிமையையும் வாக்கையும் இழந்தார்கள். இறுதித் தீர்வாக 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அது படிப்படியாகவே திரும்பிவந்தது. அவர்களும் பெண்கள்தான் என்ற அந்தப் பதிலை நாடு முழுவதும் கேட்க முக்கால் நூற்றாண்டு சென்றது.

மகளிர் சமித்தி

வாக்கு வந்தால் போதுமா? கிராமத்துத் தாய்க்கு வாக்குச் சீட்டைவிட அவசரமான தேவைகள் இருந்தன. 1930இல் டொக்டர் மேரி ரட்ணம் லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்தார். அவருடைய வாழ்க்கையின் மிகப்பெரிய வேலை இதுவென்றே சொல்லலாம்.

இதற்கு இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று அவர் பிறந்த ஒன்ராறியோவில் 1897இல் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் தொடங்கிய பெண்கள் மன்றம். அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற தாயின் குழந்தை சுத்தமில்லாத பாலைக் குடித்து இறந்துபோனது. தாய்க்குச் சுகாதார அறிவு இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்ற துக்கத்தோடு அவர் எழுப்பிய இயக்கம் அது. மற்றது வங்காளத்தில் சரோஜ் நளினி தத் அம்மையார் 1913 முதல் கிராமங்களில் அமைத்த மகிளா சமித்திகள். ஒன்று பிறந்த நாட்டிலிருந்து, மற்றது அயல்நாட்டிலிருந்து. பெயரை அவர் இரண்டாவதிலிருந்தே எடுத்துக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. கிராமத்துப் பெண் தன்னுடையது என்று உணரக்கூடிய பெயர் அது.

சமித்தியின் வேலைகள் பெரிய மேடைப் பேச்சுக்களல்ல. கிராமத்துப் பெண்கள் கூடுவார்கள். தங்களுக்குள்ளேயே தலைவியையும் செயலாளரையும் தெரிவார்கள். பிள்ளை பராமரிப்பு, சத்துணவு, வீட்டுத்தோட்டம், நெசவு, தையல், எழுத்தறிவு, மலசலகூடம் அமைத்தல், கிணற்றைச் சுத்தமாக வைத்திருத்தல் என்பனவே பேச்சு. வளவுக்குள் கத்தரி, பயிற்றை, முருங்கை வைத்தால் இரத்தசோகை குறையும். மலசலகூடம் கட்டினால் கொழுக்கிப்புழு குறையும். மேலே நான் சொன்ன நான்கு மரணக் காரணங்களின் வேரில் கைவைக்கும் வேலைகள் இவை. ஆசுப்பத்திரிகள், மருத்துவ மாதர், களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பிற்காலத்து மருந்துகள், இலவசக் கல்வி எல்லாம் சேர்ந்தே தாய்மார் மரணத்தைக் குறைத்தன. ஒரு ஆளுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. ஆனால் மருத்துவ மாது கிராமத்துக்குள் வரும்போது அவளுக்குக் கதவைத் திறந்துவிடும் பெண்கள் உள்ளே இருக்கவேண்டும். அந்தப் பெண்களை ஆயத்தப்படுத்தியது இப்படிப்பட்ட இயக்கங்கள்தான்.

இன்னொன்றும் நடந்தது. கூட்ட அறிக்கை எழுதவும், காசுக்கணக்குப் பார்க்கவும், பத்துப்பேர் முன் எழுந்து பேசவும் பெண்கள் பழகினார்கள். 1941இல் சமித்தியில் சேர்ந்து, அதன் பல பதவிகளை வகித்து, பின்னர் தலைவியுமான ஒருவர் 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் பொதுவாழ்வைப் படித்த பள்ளிக்கூடம் மகிளா சமித்திதான். அந்த ஆட்சியில் தமிழர் நாம் அனுபவித்தவை வேறு கதை. அதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

தோல்விகள்

இப்படி எழுதிக்கொண்டு போனால் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது போலத் தோன்றும். அப்படியல்ல.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் போட்டியிட்டு வென்று, அச்சபையின் முதலாவது பெண் உறுப்பினரானார். ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றின் காரணமாக அந்த ஆசனத்தை இழந்தார். 1930களிலேயே குடும்பக்கட்டுப்பாடு பற்றிப் பெண்களுக்கு ஆலோசனை சொல்ல முனைந்தபோது மதவாதிகளிடமிருந்தும் மற்றோரிடமிருந்தும் கடும் எதிர்ப்பு வந்தது. பெண்பிள்ளைகளுக்கு உடலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணமும் பலருக்குப் பிடிக்கவில்லை. இலங்கைக் குடும்பத்திட்டச் சங்கம் உருவானது 1953இல்தான். அப்போது அவருக்கு எண்பது வயது.

ஏழாவது, எட்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு கைகால் வீங்கி வரும் பெண்ணைக் கண்ட எந்த வைத்தியருக்கும் அவர் ஏன் பிடிவாதமாக இருந்தார் என்று விளங்கும். நான் வன்னி எல்லையிலே வேலை செய்த காலத்தில் அப்படியொரு தாயைப் பார்த்தேன். "தங்கச்சி, இதோட போதும் எண்டு இவரிட்டச் சொல்லுங்கோ. நான் சொன்னா எடுபடாது" என்றார். அம்மையார் போராடி எழுபது வருடங்களுக்குப் பிறகும் அந்தத் தாய்க்குத் தன் உடம்பைப் பற்றிய முடிவைச் சொல்ல இன்னொருத்தியின் வாய் தேவைப்பட்டது.

விருதும் முடிவும்

1958இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் றமொன் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. அந்த முதல் ஆண்டிலேயே பொதுச்சேவைக்கான விருது டொக்டர் மேரி ரட்ணத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் விருது பெற்ற மற்றொருவர் பூதான இயக்கத்தின் வினோபா பாவே. இலங்கையில் அதே 1958ஆம் ஆண்டுதான் தமிழர்களுக்கெதிரான வன்செயல்கள் நடந்தன என்பதையும் நாம் மறக்கமாட்டோம். தமிழரை மணந்து, சிங்களக் கிராமங்களில் உழைத்து, எல்லோரையும் ஒரே கூட்டத்தில் இருத்திப் பார்த்த மூதாட்டி அந்த வருடத்தை எப்படிக் கடந்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1962இல், தொண்ணூறை நெருங்கும் வயதில் அவர் மறைந்தார். இலங்கை மண்ணில் அவருடைய வாழ்வை முறையாக ஆராய்ந்து நூலாக்கி எமக்குத் தந்தவர் பேராசிரியர் குமாரி ஜயவர்த்தன. அவருக்கு நாம் நன்றியுடையோம்.

எமக்கு அவர் யார்?

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் எல்லோரும் நடந்த நடையை இந்த மலரில் வேறு சகோதரிகள் எழுதியிருப்பார்கள். சாதாரணதரப் பரீட்சைக்குக் கட்டிவைத்த புத்தகங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு செம்மணி வெளியில் மழையில் நின்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர் எங்களுக்கு விறாந்தையைக் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா என் தம்பிக்குக் காய்ச்சல் என்று கண்டதும் தன் சமையலை விட்டுவிட்டுக் கொத்தமல்லி அவித்துத் தந்தார். டொக்டராக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்த விறாந்தையில்தான் வந்தது.

டொக்டரானேன். பிறகு ஊரை விட்டு வந்துவிட்டேன். எமது கல்லூரிக்குப் போகும்போதெல்லாம், நாட்டிலேயே இருந்து பணியாற்றும் என் தோழிகளின் முகத்தைப் பார்க்க ஒரு கூச்சம் இருக்கும். அவர்கள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. கூச்சம் எனக்குள்ளேதான். அதை ஈடுசெய்ய ஊருக்குக் காசு அனுப்பினேன், கண் சிகிச்சை முகாமுக்கு, கல்லூரி விஞ்ஞான கூடத்துக்கு என்று. அது தேவையானதுதான், இனியும் செய்வேன். ஆனால் நான் இருக்கும் ஸ்காபுறோவைப் பற்றி, அது வேலை செய்யும் இடம், வரி கட்டும் இடம் என்பதற்கு மேல் நினைத்ததில்லை. பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்குக்கூட கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் என் மகள், "அம்மா, நீங்கள் இஞ்சை வந்து எத்தினை வருசம்? இன்னும் விருந்தாளி மாதிரித்தான் இருக்கிறியள்" என்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது.

மேரி ரட்ணம் விருந்தாளியாக இருக்கவில்லை. அவரை அனுப்பியவர்கள் கைவிட்டபின், இவர் யாருக்கு என்ன கடமைப்பட்டவர்? தன் வைத்தியத் தொழிலையும் தன் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தன் பிள்ளைகள் வளரும் நாட்டிலே மற்றத் தாய்மாரின் பிள்ளைகளும் உயிரோடு வளரவேண்டும் என்று நினைத்தார். தாய் நாட்டையும் மறக்கவில்லை. ஒன்ராறியோவின் கிராமத்துப் பெண்கள் கண்டுபிடித்த நல்ல வழியை இங்கே கொண்டுவந்து நட்டார்.

இதை எழுதுவதால் நான் ஊரை விட்டு வந்ததற்கு ஒரு நியாயம் தேடுகிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கணக்கு எனக்கும் என் மனச்சாட்சிக்கும் இடையில் கிடக்கட்டும். மகள் அப்படிச் சொன்ன பிறகு, எங்கள் பகுதியில் வாழும் வயதான தாய்மாருக்காகத் தேவாலய மண்டபம் ஒன்றில் மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம் தொடங்கினோம். சீனி வருத்தம், இரத்த அழுத்தம், மருந்துப் பெட்டியைப் பார்த்து மாத்திரை எடுப்பது, பேருந்தில் தனியாகப் போய்வருவது என்பவைதான் பேச்சு. தமிழ்த் தாய்மாரோடு தொடங்கியது. இப்போது இரண்டு பிலிப்பைன்ஸ் அம்மாமாரும் ஒரு சோமாலியப் பாட்டியும் வருகிறார்கள். வடையும் தேநீரும் உண்டு. என் மகள் கதிரைகளை அடுக்கி வைக்கிறாள். "இன்றைக்கும் மீற்றிங்கா?" என்று முணுமுணுப்பாள், ஆனால் வருகிறாள்.

உலகெங்கும் பரந்து வாழும் எம் சகோதரிகளே, இந்த மலரை நீங்கள் லண்டனிலோ சிட்னியிலோ ஒஸ்லோவிலோ, வவுனியாவிலோ வெள்ளவத்தையிலோ, அல்லது எமது கல்லூரிக்கு அருகே அதே ஒழுங்கையிலோ இருந்து வாசிப்பீர்கள். எமது அன்னை எம்மை எங்கே அனுப்பியிருந்தாலும், நாம் நிற்கும் இடத்திலே நமக்கு அயலவர்கள் இருக்கிறார்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது இணுவிலால் போனால், மக்லியோட் ஆசுப்பத்திரி வாசலில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே பணியாற்றிய கர் அம்மையாரை நினையுங்கள். அங்கே நிலைக்க முடியாமற்போன மற்ற டொக்டரையும் நினையுங்கள்.

எமது சங்கம் நீடு வாழ்க!